கோட்டை முதல் சுண்டிக்குளி வரை: யாழ்ப்பாணப் பிரதான வீதியும் அதன் வீடுகளும்

நூற்றாண்டு காணும் நம் சங்கத்தின் மலருக்கு என்ன எழுதலாம் என்று கூடிப் பேசியபோது, பாடசாலையின் வரலாற்றை எழுதப் பலர் முன்வந்தார்கள். எனவே நாம் பாடசாலைக்கு வந்த வழியை எழுதுவது என்று தீர்மானித்தோம். கொழும்பில் இருந்தாலும், லண்டனில் இருந்தாலும், ரொறன்ரோவில் பனி வழித்துக்கொண்டிருந்தாலும், நம் எல்லோருக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. அது யாழ்ப்பாணத்துப் பிரதான வீதியும் அதிலிருந்து பிரியும் குறுக்குத் தெருக்களும் ஆகும்.

அந்த வீதியால் நடந்தும், சைக்கிளில் இரண்டு பேராகவும், மழை பெய்தால் யாரோ ஒருவருடைய விறாந்தையில் ஒதுங்கியும் நாம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தோம். அந்த விறாந்தை ஏன் அவ்வளவு அகலமாக இருந்தது, அதன் தூண் ஏன் அவ்வளவு பருமனாக இருந்தது என்று அன்று நாம் கேட்டதில்லை. கேட்கத் தோன்றிய காலத்தில் பல விறாந்தைகள் இல்லாமற் போய்விட்டன. எஞ்சியிருப்பவற்றின் கதையை, அவை இருக்கும்போதே சொல்லிவைப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டையும் குறுக்குத் தெருக்களும்

யாழ்ப்பாண அரசர் காலத்தில் தலைநகர் நல்லூர். 1619ஆம் ஆண்டு சங்கிலி மன்னனின் ஆட்சி வீழ்ந்த பின்னர், போர்த்துக்கேயத் தளபதி பிலிப்பு டி ஒலிவேரா தலைமையிடத்தை நல்லூரிலிருந்து கடலோரத்துக்கு மாற்றினான். கப்பலில் வருவோருக்குக் கடல் அருகில் இருக்க வேண்டும் என்பதே காரணம். பரவைக் கடலை அண்டி எழுந்த கோட்டையே நாம் இன்று பட்டினம் என்று சொல்லும் இடத்தின் தொடக்கம். இடிக்கப்பட்ட நல்லூர்க் கோயிலின் கற்களும் கோட்டைக்கு எடுத்துச் செல்லப்பட்டன என்று நம் முன்னோர் வழிவழியாகச் சொல்லிவந்தார்கள்.

1658இல் மூன்று மாத முற்றுகையின் பின் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. போர்த்துக்கேயரின் நாற்கோணக் கோட்டையை அவர்கள் இடித்து, ஐங்கோணமாகத் திருப்பிக் கட்டினார்கள். ஐந்து மூலைகளிலும் இருந்த கொத்தளங்களுக்குத் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டார்கள்: சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், பிறீஸ்லாந்து. வெளிச்சுற்று அரண்கள் முற்றாக முடிந்தது 1792இல். மூன்றே ஆண்டுகளின் பின், 1795இல், ஆங்கிலேயர் வந்தபோது கோட்டை சண்டையின்றிக் கைமாறியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்டிய மதிலை அதைக் கட்டியவர்கள் மூன்று ஆண்டுகள்தான் முழுமையாக வைத்திருந்தார்கள்.

கோட்டைக்குள் 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் சிலுவை வடிவில் அமைந்தது. தடித்த சுவர், உயர்ந்த முகப்பு, நிலத்தில் பதித்த கல்லறைக் கற்கள் என்று இலங்கையில் ஒல்லாந்தர் கட்டிய தேவாலயங்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணப்பட்டது.

கோட்டைக்கு வெளியே வெட்டவெளி ஒன்று விடப்பட்டது. பீரங்கிக்கு முன்னே வீடுகள் மறைக்கக்கூடாது என்பதற்காக விடப்பட்ட அந்த வெளியே பின்னர் முற்றவெளியானது. விளையாட்டுப் போட்டி, பொதுக்கூட்டம், முனியப்பர் கோயில் பொங்கல் எல்லாம் அங்கேதான். வெளிக்குக் கிழக்கே குடியிருப்பு தொடங்கியது. பிரதான வீதி நேராகக் கிழக்கே சுண்டிக்குளி நோக்கி ஓட, முதலாம் குறுக்குத் தெரு, இரண்டாம் குறுக்குத் தெரு என்று எண்ணிட்ட தெருக்கள் அதை வெட்டிச் சென்றன. நம் கிராமங்களின் ஒழுங்கைகள் வேலியையும் பனையையும் சுற்றி வளைந்து வளைந்து போகும். பட்டினத்தின் இத்தெருக்களோ கயிறு பிடித்துக் கோடு போட்டவை. முதல் நாள் கிராமத்திலிருந்து பாடசாலைக்கு வந்த பிள்ளைக்குத் திசை தடுமாறாமல் இருந்ததற்கு இந்த நேர்கோடே காரணம்.

ஒவ்வொரு தொழிலுக்கும் சமூகத்துக்கும் இங்கே ஓர் இடம் இருந்தது. ஒல்லாந்தர், போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வாழ்ந்த பகுதி பறங்கித்தெரு. முஸ்லிம்கள் வாழ்ந்தது சோனகதெரு. பொன் வேலைக்குக் கன்னாதிட்டி. புடைவைக்கும் பலசரக்குக்கும் பெரியகடை. மீன்பிடித் துறையாகக் குருநகர். வீதியை அண்டிப் பேராலயமும் ஆயர் இல்லமும் புனித பத்திரிசியார் கல்லூரியும் இருந்தன. மறுபுறம் மெதடிஸ்த மிஷனின் மத்திய கல்லூரி இருந்தது. ஆறுமுக நாவலர் கற்றதும், பின்னர் கற்பித்ததும், அதிபர் பீற்றர் பேர்சிவலுக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவியதும் அந்த மிஷன் பாடசாலையிலேதான். ஒரு மணித்தியால நடைக்குள் இத்தனை சமயத்தின் மணியோசையும் பாங்கோசையும் கேட்ட தெருக்கள் நம் நாட்டில் அதிகம் இல்லை.

தெருவைப் பார்த்திருக்கும் வீடு

யாழ்ப்பாணக் கிராமத்து வீடு தெருவுக்கு முகம் காட்டாது. கிடுகு வேலியோ பனையோலை வேலியோ வளவைச் சுற்றி நிற்கும். சங்கடப்படலையைத் தாண்டி உள்ளே போனால்தான் திண்ணை தெரியும். வசதியுள்ளவர்களின் நாற்சார் வீட்டில் நான்கு பக்கமும் தாழ்வாரம் சுற்றிவர நடுவிலே முற்றம் இருக்கும். வானமும் மழையும் வெயிலும் வீட்டுக்குள்ளேயே வந்துபோகும்.

பிரதான வீதி வீடு இதற்கு நேர்மாறானது. வேலியில்லாமல், தெரு ஓரத்திலேயே விறாந்தையை நீட்டிக்கொண்டு நிற்கும். சுண்ணாம்புச் சாந்து பூசிய உருண்டைத் தூண்களோ மரத்தூண்களோ கூரையைத் தாங்கும். விறாந்தைக்கு அப்பால் உயர்ந்த இரட்டைக் கதவு. கதவுக்கு மேலே காற்றும் வெளிச்சமும் உள்ளே வரச் செதுக்குவேலை செய்த மரச்சட்டம். உள்ளே நீண்ட மண்டபம், இருபுறமும் அறைகள், பின்னால் மீண்டும் ஒரு விறாந்தை, அதன் பின்னே முற்றமும் கிணறும் குசினியும் மாமரமும். முன்பக்கம் ஒல்லாந்தருக்கும் பின்பக்கம் நமக்கும் சொந்தம் என்று சொல்லும்படியான அமைப்பு அது.

சுவர்கள் முருகைக்கல்லால் ஆனவை. கடலோரத்து முருகைக்கல்லை வெட்டிச் சுவராக அடுக்கினார்கள். அதையே சூளையிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கிச் சாந்தும் குழைத்தார்கள். தடித்த சுவர் பகல் வெக்கையை உள்ளே விடாது. கூரைக்கு நம்மூர் வைரப்பனையின் சலாகைகள், மேலே பீலியோடு. பின்னாளில் பீலியோட்டின் இடத்தைக் கள்ளிக்கோட்டை ஓடு பிடித்தது. கூரை செங்குத்தாக உயர்ந்திருப்பதால் சூடான காற்று மேலே போய்விடும். பங்குனி, சித்திரை மாதங்களில் அந்த விறாந்தையில் நின்ற குளிர்ச்சியை இன்றும் நம் முதுகு மறக்கவில்லை. மின்விசிறி இல்லாமலே அது முடிந்தது. சீமெந்துத் தட்டுக்கூரையின் கீழ் இன்று இருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வீட்டோடு சொற்களும் வந்தன. யன்னல், விறாந்தை, அலுமாரி, மேசை, கதிரை, வாங்கு, சாவி எல்லாம் போர்த்துக்கேய மொழி தந்தவை. குசினியும் அப்படியே. கக்கூசு ஒல்லாந்தர் விட்டுச்சென்றது. கதிரையில் இருந்து மேசையில் எழுதி யன்னலால் வெளியே பார்த்த நாம், நானூறு ஆண்டு வரலாற்றை நாள்தோறும் வாயால் உச்சரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

பூங்காவும் மணிக்கூடும் நூல்நிலையமும்

ஆங்கிலேயர் காலத்தில் பட்டினம் கோட்டையை விட்டுக் கிழக்கே நகர்ந்தது. 1829 முதல் 1867இல் இறக்கும்வரை வடமாகாணத்தை ஆண்ட அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக், சுண்டிக்குளிப் பக்கத்தில் மரங்கள் நாட்டி உருவாக்கியதே பழைய பூங்கா. அருகே கச்சேரி. காணிக் காரியமாகக் கச்சேரிக்குப் போகும் அப்பாமாரைப் பூங்கா மரநிழலில் காத்திருந்து கூட்டிவந்த நினைவு நம்மில் பலருக்கு உண்டு.

வேல்ஸ் இளவரசர் 1875இல் இலங்கைக்கு வந்ததன் நினைவாக மணிக்கூட்டுக் கோபுரம் கட்டப்பட்டு 1882இல் நிறைவெய்தியது. கொழும்பு நூதனசாலையை வரைந்த கட்டடக் கலைஞர் சிமிதரே இதையும் வரைந்தவர். 1905இல் கொழும்பிலிருந்து ரயில் நேரே வந்து சேர்ந்தது. அதே ஆண்டு இளம் அதிகாரியாக வந்த லெனாட் வூல்ப், பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரானவர், கோட்டை மதில்மேல் இருந்த பங்களாவில் குடியிருந்தார்.

நம்மவரே நினைத்து நம்மவரே நிதி சேர்த்து எழுப்பிய கட்டடம் பொதுநூல்நிலையம். 1933இல் க.மு. செல்லப்பா தம் வீட்டில் தொடங்கிய சிறு வாசிப்பு முயற்சியே அதன் விதை. 1954இல் அடிக்கல் நாட்டப்பட்டது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் ஆலோசனை வழங்கினார். சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மன் திராவிடச் சாயலில் வரைந்தார். வெண்ணிறக் குவிமாடமும் முன்னே வீற்றிருக்கும் கலைமகளுமாக 1959இல் அது திறந்தது. ஒல்லாந்தர் கோட்டைக்கு எதிரே, முற்றவெளியின் மறுகரையில், பீரங்கிக்காக விட்ட வெளியைப் பார்த்துக்கொண்டு ஒரு நூல்நிலையம் எழுந்தது. சனிக்கிழமைகளில் சிறுவர் பகுதியில் சத்தம் போட்டு ஏச்சு வாங்கிய மாணவிகள் இம்மலரை வாசிப்போரில் நிச்சயம் இருப்பீர்கள்.

தோம்பும் தேசவழமையும்

இந்த வீடுகள் யாருடையவை என்ற கேள்விக்கு இரண்டு பழைய ஏடுகள் பதில் சொல்கின்றன. ஒன்று தோம்பு. காணி யாருடையது, என்ன பயிர், எவ்வளவு வரி என்று போர்த்துக்கேயர் எழுதத் தொடங்கி ஒல்லாந்தர் விரித்து எழுதிய பதிவேடு அது. காணி உறுதிகளில் தோம்புப் பெயர் என்று இன்றும் வரும் வரி அதன் எச்சமே.

மற்றது தேசவழமை. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்த்துச் சரியென ஒப்பினார்கள். ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். அந்த வழமைப்படி தாயின் சீதனம் பெண்மக்களுக்குச் சேர்ந்தது. மகனுக்கு முதுசம், மகளுக்குச் சீதனம். ஆகவே யாழ்ப்பாணத்தில் வீடு என்பது பெரும்பாலும் பெண்வழி போவது. அம்மம்மாவிடமிருந்து அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து மூத்தவளுக்கும் அல்லது இளையவளுக்கும் அது வரும். பறங்கியர் கொழும்புக்கும் பின்னர் அவுஸ்திரேலியாவுக்கும் பெயர்ந்தபோது அவர்களுடைய வீடுகள் சில தமிழ்க் குடும்பங்களின் கைக்கு வந்து, அவையும் இதே வழியில் சீதனமாயின.

இதில் ஒரு முரணும் உண்டு. வீடு அவள் பெயரில் இருக்கும். ஆனால் மணமான பெண் தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று சட்டம் சொன்னது. உறுதியில் பெயர் அவளுடையது, தீர்மானம் இன்னொருவருடையது. சீதனம் பல பெண்களுக்குச் சுமையாகவும் அவமானமாகவும் இருந்ததையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அந்த வழமையின் பயனாகவே, பட்டினத்து வீடுகளின் கதவுச் சாவி தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் இடுப்பில் இருந்தது.

போர் தின்ற இடங்கள்

1981 மே இறுதியிலும் ஜூன் தொடக்கத்திலும் பொலிஸார் நடத்திய வெறியாட்டத்தில் பொதுநூல்நிலையம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. பத்திரிசியார் கல்லூரியில் இருந்து அந்தத் தீயைக் கண்ட பன்மொழிப் புலவர் தாவீது அடிகள் அதிர்ச்சியில் உயிர்நீத்தார். அடுத்த நாட்களில் கருகிய தாள்கள் காற்றில் பறந்து வந்து விழுந்ததைக் கண்டவர்கள் நம்மில் இருக்கிறார்கள்.

1990இல் கோட்டையைச் சுற்றி நடந்த முற்றுகையும் குண்டுவீச்சும் பிரதான வீதியின் மேற்குப் பாதியை வெறுமையாக்கின. கோட்டைக்குள் இருந்த ஒல்லாந்தர் தேவாலயம் கற்குவியலானது. மாநகர மண்டபம், றீகல் திரையரங்கு, அவற்றை அண்டிய வீடுகள் எல்லாம் கூரையற்ற சுவர்களாயின. அந்த ஆண்டு ஒக்டோபர் இறுதியில் முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். சோனகதெரு ஒரே நாளில் ஆளற்றுப் போனது. நம் வகுப்புகளில் அடுத்த திங்கட்கிழமை வெறுமையாக இருந்த கதிரைகளை நாம் பார்த்தோம். அன்று நாம் எதுவும் பேசவில்லை. இந்த மலரில் அதை எழுதாமல் விட்டால் இந்தத் தெருவின் வரலாறு உண்மையாகாது.

1995 ஒக்டோபர் 30 மாலை, பட்டினமே சாமான் மூட்டையும் சைக்கிளுமாகத் தென்மராட்சி நோக்கி நடந்தது. பூட்டிய வீட்டின் சாவியை எடுத்துக்கொண்டு போனோம். திரும்பி வந்தபோது சிலருக்குச் சாவி இருந்தது, கதவு இல்லை. வேறு சிலருக்கு நிலை மட்டும் நின்றது.

இப்போது இருப்பது

இன்று வருபவர்கள் மாறுபட்ட காட்சியைக் காண்பார்கள். நூல்நிலையம் மீளக் கட்டப்பட்டு வெண்மையாக நிற்கிறது. மணிக்கூடு திருத்தப்பட்டுவிட்டது. 2009இல் போர் முடிந்த பின் நெதர்லாந்து அரசின் உதவியோடு கோட்டை மதில்கள் செப்பனிடப்பட்டன. மாலையில் பிள்ளைகள் கொத்தளத்தின் மேலே நின்று படம் எடுக்கிறார்கள். பழைய கச்சேரியின் இடிந்த சுவர்களுக்குள் ஆலும் அரசும் வேர்விட்டிருக்கின்றன.

பெரிய கட்டடங்களுக்கு அரசும் வெளிநாட்டு நிதியும் இருக்கின்றன. விறாந்தை வீடுகளுக்கு யாரும் இல்லை. போர் விட்டுவைத்த பழைய வீடுகள் இப்போது ஒன்றொன்றாக மறைகின்றன. காணிக்கு விலை ஏறிவிட்டது. சொந்தக்காரர் வெளிநாட்டில். பங்காளிகள் ஐந்து பேர் ஐந்து நாட்டில். ஓடு ஒழுகுகிறது, திருத்த வைரப்பனையும் கிடையாது, சுண்ணாம்புச் சாந்து குழைக்கத் தெரிந்த மேசன்மாரும் அருமை. கடைசியில் ஒருநாள் வீடு விற்கப்படுகிறது. ஒரு கிழமையில் சுவர் விழுகிறது. ஆறு மாதத்தில் கண்ணாடி முகப்போடு மூன்று மாடி எழுகிறது. விற்றவரைக் குறைசொல்ல நமக்கு மனம் வராது. அந்தப் பணத்தில் ஒரு பிள்ளை படித்திருக்கும், ஒரு தாய்க்கு வைத்தியம் நடந்திருக்கும்.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அந்த உறுதிகளில் இருக்கும் பெயர்களில் பல நம்முடையவை. சீதனமாக வந்த அந்த வீடுகளின் சொந்தக்காரர் நாமும் நம் சகோதரிகளும் வகுப்புத் தோழியருமே. இந்த வீதியை யார் அழிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வெளியே தேட வேண்டியதில்லை. நம் கையெழுத்து இல்லாமல் பல வீடுகள் விழா.

நமக்கு ஒரு தோம்பு

எல்லா வீட்டையும் காப்பாற்ற முடியாது. ஆனால் எந்த வீடும் எழுதப்படாமல் போகவேண்டியதில்லை. எனவே இந்த நூற்றாண்டு ஆண்டில் பழைய மாணவிகள் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கிறோம்.

உங்கள் வீடு பிரதான வீதியிலோ குறுக்குத் தெருக்களிலோ சோனகதெருவிலோ சுண்டிக்குளியிலோ இருந்திருந்தால், நினைவிலிருந்து அதன் படத்தை ஒரு தாளில் வரையுங்கள். விறாந்தை எந்தப் பக்கம், கிணறு எங்கே, எத்தனை தூண், கதவு என்ன நிறம். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. பழைய படங்கள் இருந்தால் பிரதி எடுத்து அனுப்புங்கள். கலியாணப் படத்தின் பின்னால் நிற்கும் தூணும் நமக்கு வேண்டும். அம்மாவுக்கு முன் அந்த வீடு யாரிடம் இருந்தது என்று உறுதியைப் பார்த்து ஆண்டோடு எழுதுங்கள். இப்போது எண்பதைத் தாண்டிய பெரியம்மா, மாமி யாராவது இருந்தால் தொலைபேசியில் கேட்டு எழுதுங்கள். அதற்குக் காலம் அதிகம் இல்லை.

வீட்டை விற்கத்தான் வேண்டும் என்றால், விற்குமுன் ஒருநாள் செலவழித்து அளந்து படம் எடுத்துவிடுங்கள். இடிக்கத்தான் வேண்டும் என்றால், கதவையும் செதுக்குச் சட்டத்தையும் விறகுக்குக் கொடுக்காமல் சங்கத்துக்கு ஒரு சொல் அறிவியுங்கள். வந்து சேரும் எல்லாவற்றையும் தெரு வாரியாக ஒழுங்குபடுத்தி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதியும் பொதுநூல்நிலையத்தில் ஒரு பிரதியும் வைப்பதற்கு எண்ணியுள்ளோம்.

அன்றைய தோம்பு வரி அறவிட எழுதப்பட்டது. எழுதியவர்கள் அந்நியர், அதில் பெண்கள் பேசவில்லை. இந்தத் தோம்பை நாம் எழுதுவோம். மழைக்கு ஒதுங்கிய பிள்ளைக்குத் துவாயும் தேத்தண்ணியும் கொடுத்த அந்த விறாந்தைக்காரியின் பெயரும் அதில் இடம்பெறட்டும்.